யார் பெயர் முதலில்

மேடையில் மொத்தம் பத்தொன்பது நாற்காலி. பொற்கொடி இரண்டு முறை எண்ணினாள். முதல் முறை பத்தொன்பது, இரண்டாம் முறை பதினெட்டு. நடுவில் கட்சித் துண்டை விரித்து வைத்திருந்த காலி நாற்காலியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் அந்த ஒன்று உதைத்தது. அது ஐயாவின் நாற்காலி. ஐயா என்றால் கட்சித் தலைவர்; முப்பத்தெட்டு வருஷமாக ஐயா, ஐயா என்று சொல்லிச் சொல்லி அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பதே தொண்டர்களுக்கு மறந்துபோயிருந்தது. நாற்பத்து மூன்று நாளாக அவர் ஏற்காட்டு பங்களாவில் ஓய்வெடுக்கிறார், யாரையும் பார்ப்பதில்லை. பத்திரிகை படித்தார், தொண்டர்களை விசாரித்தார் என்று வாரத்துக்கு ஓர் அறிக்கை மட்டும் வருகிறது. தேர்தலுக்கு எழுபது நாள்கூட இல்லை. காலி நாற்காலிக்கு வலப்பக்கம் பொதுச் செயலாளர் மாசிலாமணி, எழுபத்தொரு வயது, ஐயாவோடு ஒரே சிறையில் ஒரே போர்வையில் படுத்தவர். இடப்பக்கம் ஐயாவின் மகள் யாழினி, இளைஞரணிச் செயலாளர், நாற்பது வயது. ஐயாவுக்கு அப்புறம் யார் என்று கேட்டால் கட்சியில் பாதிப் பேர் வலப்பக்கம் பார்ப்பார்கள், பாதிப் பேர் இடப்பக்கம் பார்ப்பார்கள், மீதிப் பேர் தண்ணீர் குடிப்பார்கள். பொற்கொடிக்கு இரண்டாம் வரிசையில் ஓரத்து நாற்காலி. பேச்சாளர் பட்டியலில் ஏழாவது இடம். இப்போது மூன்றாவது ஆள் பேசிக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் அரை மணிக்கு மேல் இருக்கிறது. அதற்குள் அவள் ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்தாக வேண்டும். மைக்கைப் பிடித்ததும் அந்த இரண்டு பேரில் யார் பெயரை முதலில் சொல்வது.

வெளியாளுக்கு இது சிரிப்பாக இருக்கும். முதலில் யாரைச் சொன்னால் என்ன, அடுத்தவரையும் சொல்லத்தானே போகிறாய் என்பார்கள், அவள் வீட்டுக்காரர் சின்னதுரையே காலையில் மாவு மில்லுக்குக் கிளம்பும்போது அப்படித்தான் சொன்னார். அவருக்கு மில்லில் யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு முதலில் அரைத்துக் கொடுத்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது. மேடை அப்படியில்லை. மேடையில் ‘அவர்களே, அவர்களே’ என்று விளிக்கும் வரிசைதான் கட்சி. யார் யாருக்கு மேலே, யார் புதிதாக ஏறியிருக்கிறார், யார் இறங்கிவிட்டார் என்பதையெல்லாம் கூட்டம் அந்த வரிசையை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. அப்புறம் பேசுவதை யார் கேட்டார்கள். ஒன்றியச் செயலாளருக்கு முன்னால் நகரச் செயலாளரைச் சொல்லிவிட்டு ஆறு மாதம் மேடை கிடைக்காமல் உட்கார்ந்தவர்கள் உண்டு. பொற்கொடிக்கு அந்தச் சங்கடம் வந்ததே இல்லை. அறுபது பெயர் என்றாலும் கையில் சீட்டில்லாமல், மூச்சு வாங்காமல், பதவியோடு பட்டத்தோடு சொல்லுவாள், அதற்கே முன் வரிசையில் கை தட்டுவார்கள். பேச்சைவிட இது நன்றாக இருக்கிறதே என்று யாரோ ஒருமுறை சொன்னார்கள், பாராட்டாகத்தான் சொன்னார்கள் என்று எடுத்துக்கொண்டாள், ஆனாலும் பதினோரு வருஷம் கழித்தும் அது நினைவில் இருக்கிறது, பாராட்டு என்றால் இத்தனை நாள் நினைவில் நிற்குமா. முன் வரிசைக்கு முன்னால் தரையில் இரண்டு தரப்பு ஆட்களும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இடது ஓரத்தில் மஃப்டி போலீஸ்காரர் ஒருவர் தொடைமேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் இன்றைக்கு மேலிடத்தில் கேட்கப்போகும் ஒரே கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

மற்றவர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்று பார்ப்பதே ஒரு வேடிக்கையாக இருந்தது. தலைமை தாங்கிய மாவட்டச் செயலாளர் வரதராசன் ‘இருபெரும் தலைவர்களே’ என்று இரண்டு பேரையும் ஒரே கூடையில் போட்டுத் தூக்கிவிட்டார். பரவாயில்லை, அவர் தலைமை, அவர் என்ன சொன்னாலும் செல்லும். இரண்டாவதாக வந்த வழக்கறிஞர் அணிக்காரர் அகர வரிசைப்படி விளிக்கிறேன் என்று அறிவித்துவிட்டு மாசிலாமணியை யாழினிக்கு முன்னால் கொண்டுவந்தார். உடனே கீழே இளைஞரணிப் பையன்கள் ஓவென்று கத்தினார்கள். அவர் அகர வரிசை, அகர வரிசை என்று கெஞ்சிப் பார்த்தார், யார் கேட்டார்கள், சட்டம் படித்தவருக்கே இந்தக் கதி. இப்போது பேசிக்கொண்டிருக்கும் விவசாய அணிக்காரர் யாரையும் விளிக்காமல் நேரே காவிரிக்குப் போய்விட்டார், மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், அவரை யாராவது அடித்து எழுப்பினாலொழிய கரைக்கு வரமாட்டார். நான்காவதாகப் பேச வேண்டியவர் சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொல்லிக் காரில் போய்ப் படுத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த கபூர் பாய், பட்டியலில் ஒன்பதாவது, பொற்கொடி பக்கம் சாய்ந்து எனக்கு முன்னாடி நீ போறது எனக்கு நல்லதாப் போச்சு தங்கச்சி, நீ சொல்ற வரிசையே எனக்கும் என்றார். பொற்கொடி சிரித்தாள். படுதாவில் புது ரப்பர் நாற்றம் அடித்தது. விளக்கைச் சுற்றி ஈசல் பறந்து ஒன்று அவள் தண்ணீர் பாட்டில் மூடிமேல் உட்கார்ந்து சிறகை உதிர்த்துவிட்டு நடந்துபோனது. வாயில் பனங்கற்கண்டை ஒதுக்கிக்கொண்டாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. தொண்டையில் கோளாறு இல்லை.

வலங்காவூர் தொகுதி. அதை நினைத்தாலே நெஞ்சுக்குள் ஒரு குழந்தைத்தனமான ஆசை எழுந்து நின்றது. மூன்று தேர்தலில் விருப்ப மனு கொடுத்தாள். முதல் முறை கூட்டணிக்குப் போனது. இரண்டாம் முறை ஓர் அரிசி ஆலைக்காரருக்கு. மூன்றாம் முறை நேர்காணலில் உன் பேச்சைக் கேட்டாலே ஓட்டு விழும் என்றார்கள், சந்தோஷமாக வெளியே வந்தாள், பேசுவதற்குத்தான் அனுப்பினார்கள், நாற்பது நாள் வேறு ஒருவருக்காக ஊர் ஊராகப் பேசினாள், அவர் ஜெயித்து வெற்றி விழாவில் அவளைப் பார்த்து வாங்கம்மா என்றார், பெயர் அவருக்கு நினைவில் இல்லை. இப்போது ஐம்பத்தாறு வயது. அடுத்த தேர்தலுக்கு அறுபத்தொன்று, அப்போது முழங்கால் இந்த மேடைப் படி ஏறவிடாது. இது கடைசி வண்டி. வேடிக்கை என்னவென்றால் இந்த முறை இரண்டு தரப்பிலும் அவள் பெயர் இருக்கிறது. மாசிலாமணி வரதராசன் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார், வலங்காவூர் பொற்கொடிக்கு என்று எழுதி வைத்துவிட்டேன் என்று. யாழினி ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, பெண்களுக்கு முப்பது இடம் கேட்கப் போறேன் அக்கா, முதல் பேரு நீங்கதான் என்றாள், சொல்லிவிட்டுப் பொற்கொடியின் இலையில் அப்பளத்தை எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். இரண்டு பேரும் சொல்லாததும் உண்மை, அதாவது என் பக்கம் நில். இன்று மாலை மேடைக்குப் பின்னால் இரண்டு பேர் இரண்டு சீட்டுக் கொடுத்தார்கள், மேடை வரிசை என்று. ஒன்றில் மாசிலாமணி முதலில், இன்னொன்றில் யாழினி. இரண்டையும் மடித்துக் கைப்பையில் போட்டாள். எந்தச் சீட்டை எந்தப் பக்கம் போட்டாள் என்பதே இப்போது மறந்துவிட்டது, அதுவும் நல்லதற்குத்தான். தப்பான பெயரை முதலில் சொன்னால் வலங்காவூர் போயிற்று. சரியான பெயர் எது என்பது ஐயா எழுந்து வருவாரா, வந்தால் யாரைக் காட்டுவார் என்பதைப் பொறுத்தது. அது யாருக்கும் தெரியாது. மாசிலாமணிக்குத் தெரியுமா. மகளுக்குத் தெரியாமலா இருக்கும்.

ஐயா இருந்தால் இந்தப் பாடே இல்லை. ஐயா இருக்கிற மேடையில் ஐயா முதலில், மற்றதெல்லாம் தானாக வரும். அவளுடைய முதல் கூட்டத்தில் அவள் ஐயாவையே மறந்துபோனாள். பத்தொன்பது வயது, கல்லூரியிலிருந்து நேரே வந்திருந்தாள், புடவையை அக்காள் கட்டிவிட்டாள். மேடையில் ஐயா உட்கார்ந்திருந்தார், கிளைச் செயலாளர் முதல் மாவட்டம் வரை ஒருவர் விடாமல் சொன்னாள், அவரை மட்டும் விட்டுவிட்டாள், கண்ணெதிரே இமயமலை மாதிரி உட்கார்ந்திருந்தவரை. மேடையே உறைந்துவிட்டது. அவர் எழுந்து வந்து மைக்கை வாங்கி, இந்தப் பொண்ணு என்னைய மறந்துடுச்சு, ஆனா கிளைச் செயலாளரை மறக்கலை, கட்சி பொழைச்சுக்கும் என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கூட்டம் கலைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் எந்த மேடையில் பார்த்தாலும் என்னைச் சொல்லிடுவியா இன்னைக்கு என்று கேட்பார். எத்தனை வயதானாலும் அதே கேள்வி. ஒருமுறை கும்பகோணத்திலிருந்து அவர் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார், முன் சீட்டில் இவள், பின்னால் அவர், வழியில் வாய் திறந்தபடி தூங்கிவிட்டார். ஓட்டுநரும் இவளும் இரண்டு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் வந்தார்கள். ஒரு வேகத்தடையில் திரும்பிப் பார்த்தபோது அவர் செருப்பைக் கழற்றியிருந்தார், பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன, இவ்வளவு வீக்கத்தோடா நாலு கூட்டத்தில் நின்றார். அதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். யாழினியிடமாவது சொல்லியிருக்கலாம், அப்பாவுக்குக் காலைக் கவனிங்கம்மா என்று. சொன்னால் இவள் யார் என்ற பேச்சு வருமோ என்று பயந்து விட்டுவிட்டாள். இப்போது ஏற்காட்டுக் குளிரில் அந்தக் கால்கள் எப்படி இருக்கின்றனவோ.

காவிரியில் ஒருவழியாகத் தண்ணீர் வடிந்து, ஐந்தாவது ஆள் வந்துவிட்டார், அவர் ‘மேடையில் இருப்போர் அனைவரையும்’ என்று ஒரே கும்பிடாகப் போட்டுவிட்டு ஆரம்பித்தார். பொற்கொடிக்கு இன்னொரு கேள்வி கொக்கி போட்டு இழுத்தது. இந்த இரண்டு பேரும் ஏன் இன்றைக்கு ஒன்றாக வந்தார்கள். நாற்பத்து மூன்று நாளில் இரண்டு பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்ததில்லை. அவர் மதுரையில் என்றால் அவள் கோவையில். நேற்றுவரை இந்தக் கூட்டத்துக்கு மாசிலாமணி வருகிறாரா யாழினி வருகிறாளா என்று வரதராசனுக்கே தெரியாது, இரண்டு விதமாகவும் சுவரொட்டி அடித்து வைத்திருந்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரே காரில் வந்து இறங்கினார்கள். ஒரே காரில். சமாதானம் ஆகிவிட்டதா, அப்படியென்றால் முகத்தில் கொஞ்சமாவது வெளிச்சம் இருக்க வேண்டாமா. மாசிலாமணி எப்போதும் மேடையில் வெற்றிலை போடுவார், இன்று போடவில்லை. யாழினி தன் செல்போனை மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், அது அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்காமல் கையால் அழுத்திக்கொள்கிறாள், அழுகிற பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஒரே காரில் வந்தவர்கள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கமாட்டார்களா. சண்டை போட்டுக்கொண்டே வந்திருப்பார்கள் போல. யாருக்கு எத்தனை இடம் என்று பங்கு பிரித்திருப்பார்கள். அந்தப் பங்கில் வலங்காவூர் எந்தப் பக்கம் விழுந்ததோ. அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாசிலாமணியின் வெள்ளைச் சட்டைக் கழுத்தில் அழுக்கு வரி. அவர் காலையில் போட்ட சட்டையைச் சாயங்காலம் போடுகிறவர் இல்லையே. முதுகு எதையும் சொல்லவில்லை.

ஆறாவது ஆள் பேசும்போது பயம் போய் ஒரு விசித்திரமான ஆவல் வந்தது. நானாக முடிவெடுக்காமல் விட்டுவிட்டால் என் வாய் யாரைச் சொல்லும். முப்பத்தேழு வருஷமாக இந்த வாய்தான் வரிசையைப் பார்த்துக்கொள்கிறது, மனசு பாதி நேரம் வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருக்கும், வாய் தன் பாட்டுக்கு ஒன்றியம், நகரம், பேரூர் என்று போய்க்கொண்டிருக்கும். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அப்படியென்றால் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். மனசுக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள், ‘பொதுச் செயலாளர்’, சரியாகத்தான் இருந்தது. ‘இளைஞரணிச் செயலாளர்’, அதுவும் சரியாகத்தான் இருந்தது. மாசிலாமணிக்கு வயது, பதவி, சிறை. யாழினிக்கு ரத்தம், கூட்டம், நாளை. நாக்கில் இரண்டும் ஒரே எடை. விரல் நுனியைப் பார்த்து இரண்டில் ஒன்று தொடலாமா என்று நினைத்து வெட்கப்பட்டாள். சின்னதுரை இங்கே இருந்தால் யார் முதலில் வந்தார்கள் என்று கேட்பார். ஒரே காரில் வந்தார்கள், என்னத்தைச் செய்ய. கடைசியில் ஒரு வழி தோன்றியது. ஐயாவில் ஆரம்பிக்கலாம். காலி நாற்காலியைப் பார்த்தே விளிக்கலாம். ஐயாவைப் பற்றி எவ்வளவு நேரம் இழுத்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது, பட்டங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், அந்த வேகத்தில் அடுத்த பெயரை வாய் தானாக எடுத்துக் கொடுத்துவிடும். இந்த யோசனை வந்ததும் தேகம் லேசாயிற்று. கபூர் பாய் வெற்றிகரமாக முடிச்சுட்டு வா என்றார். வரதராசன் அவள் பெயரைச் சொன்னார்.

மைக் வழக்கம்போல ஆண்கள் உயரத்தில் இருந்தது, மைக்செட்காரர் வந்து இறக்கிவிட்டுப் போனார். கீழே செல்போன்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. நோட்டுக்காரர் புதுப் பக்கம் புரட்டினார். அவள் காலி நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டாள். ‘எளியோரின் காவலர், எங்கள் குலத்தின் கோபுரம்,’ என்று எடுத்தாள், குரல் கணீரென்று எதிரே இருந்த பேருந்து நிலையச் சுவரில் மோதித் திரும்பி வந்தது, ஆஹா என்றது முன் வரிசை. ‘முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்தக் கட்சியைத் தோளில் சுமந்தவர், வீங்கிய காலோடு வீதிவீதியாக நடந்தவர்,’ இதை ஏன் சொன்னேன் என்று ஒரு கணம் தோன்றியது, வாய் நிற்கவில்லை, ‘என்றென்றும் எங்கள் நினைவில் வாழும் தலைவர் ஐயா அவர்களே.’ சொல்லி முடித்த பிறகு அது சுவரில் பட்டு மறுபடி வந்தபோதுதான் காதில் விழுந்தது. நினைவில் வாழும். இறந்துபோன தலைவர்களுக்கு அவள் ஆயிரம் மேடையில் சொன்ன வார்த்தை. கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஒருவர் எழுந்து, ஐயா உசுரோட இருக்காருக்கா என்று கத்தினார், அழுகை கலந்த கோபம் அது. போச்சு, வலங்காவூர் போச்சு, முப்பத்தேழு வருஷமும் போச்சு என்று மன்னிப்புக் கேட்கத் திரும்பினாள். மாசிலாமணி முன்கோபக்காரர், துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார் என்று நினைத்தாள். அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். யாழினியைப் பார்த்தார். யாழினி அவரைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் கோபம் இல்லை, அகப்பட்டுக்கொண்ட திகைப்புதான் இருந்தது.

யாழினி எழுந்து வந்து மைக்கைக் கையால் பொத்தினாள்.

“யாருக்கா உங்களுக்குச் சொன்னா?”

யாரும் சொல்லவில்லை, வாய் தவறிவிட்டது என்று பொற்கொடி சொன்னாள், சொல்லும்போதே அந்தக் கேள்வி உள்ளே போய் இறங்கியது. மாசிலாமணி பின்னால் வந்து நின்றார், கிட்டத்தில் அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன.

“மத்தியானம் ரெண்டு மணிக்கும்மா. நாங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் வெளிய போகக் கூடாது. காலையில சொல்லிடுவோம். இப்ப ஒரு வார்த்தை, சரி பண்ணிடு. வலங்காவூர் உனக்குத்தான்.”

யாழினி தலையசைத்தாள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பொற்கொடிக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அப்பா போய் ஐந்து மணி நேரம்தான் ஆகிறது, இந்தப் பெண் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று அவள்மேல் ஆத்திரமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. கீழே அந்த ஆள் இன்னும் நின்றுகொண்டிருந்தார், ஐயா நல்லாருக்காருன்னு சொல்லுக்கா, சொல்லுக்கா என்று. இவள் சொன்னால் நம்பிவிடுவார். இவள் சொல்லாவிட்டால் இன்றிரவு இந்த ஊர் என்ன ஆகும், வலங்காவூர் என்ன ஆகும், எது முதலில் நினைவுக்கு வந்தது என்று பிற்பாடு பல நாள் அவள் தன்னைக் கேட்டுக்கொண்டாள். யாழினி கையை எடுத்தாள். பொற்கொடி மைக்கைப் பிடித்தாள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன், பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும், ஐயா நலமாக இருக்கிறார், நம்மையெல்லாம் விசாரித்தாராம் என்றாள். கை தட்டலும் விசிலும் எழுந்து அடங்க வெகு நேரமாயிற்று. கண்ணிலிருந்து கொட்டிய தண்ணீரை அவள் துடைக்கவில்லை. வாய் தவறியதற்கே இப்படி அழுகிறாளே என்று முன் வரிசைப் பெண்களும் அழுதார்கள். அப்புறம் வாய் தன் பாட்டுக்கு ‘அவர்களே, அவர்களே’ என்று தொடங்கிக் கபூர் பாய் வரை ஒருவர் விடாமல் சொல்லி முடித்தது. நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகு கபூர் பாய் அவள் காதருகே குனிந்து, கூட்டத்துச் சத்தத்துல சரியா விழலை தங்கச்சி, ரெண்டு பேர்ல யாரை முதல்ல சொன்னே என்று கேட்டார். பொற்கொடி யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை.